'நல்ல சர்வாதிகாரி' கேள்வி: இரண்டு இன்டர்வியூவும் ஒரு நிலத் தீர்வை ரசீதும்

யூபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வு மார்க் வந்துவிட்டது. போன தடவை இன்டர்வியூவில் 140, இந்தத் தடவை 187. மெயின்ஸ் எனும் எழுத்துத் தேர்வு மார்க் ஏறக்குறைய அதேதான். பட்டியலில் என் பெயர் வந்தது அந்த 47 மார்க்கால்தான். அதில் பெரும்பங்கு ஒரே கேள்வியில் கிடைத்தது என்பது என் நம்பிக்கை. அந்தக் கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். புத்தகப் பட்டியலும் அட்டவணையும் நிறையப் பேர் கொடுத்துவிட்டார்கள்.

அரசியல் அறிவியலை ஆப்ஷனலாக, அதாவது விருப்பப் பாடமாக எடுத்தவர்களுக்கு இது ஏதாவது ஒரு உருவத்தில் வரும்: "ஆள்பவர் நல்லவர் என்றால் சர்வாதிகாரம் இருந்துவிட்டுப் போகட்டுமே, என்ன குறை?"

முதல் தடவை இதைக் கேட்டதும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். சிங்கப்பூர் பதில் கைவசம் இருந்தது. லீ குவான் யூ, 1959 முதல் 1990 வரை பிரதமர், வீட்டு வசதி, ஊழல் ஒழிப்பு என்று மூச்சு விடாமல் சொன்னேன். எதிரே இருந்தவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அங்கே தேர்தல் நடந்துகொண்டுதானே இருந்தது? எதை வைத்து சர்வாதிகாரம் என்கிறீர்கள்?" என்றார். தடுமாறினேன். "சரி, விசாரணை இல்லாமல் அங்கே ஒருவரை எத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்தார்கள்?" தெரியாது என்றேன்.

அன்று ராத்திரி டெல்லி கரோல் பாகில் தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து படித்தேன். சியா தை போ. எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 1966இல் கைது. வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை, 23 வருஷம் சிறை. வெளியே விட்ட பிறகும் செந்தோசா தீவில் வைத்திருந்தார்கள். கட்டுப்பாடுகள் முழுசாக நீங்கியபோது 1998 ஆகிவிட்டது. என் நோட்டில் சிங்கப்பூருக்கு ஆறு பக்கம் இருந்தது. ஆறு பக்கமும் நன்மை அடைந்தவர்கள் பக்கம் நின்று எழுதியது. அடி வாங்கியவர் ஒருவர்கூட அதில் இல்லை. நான் செய்த ஒரே பெரிய தப்பு இதுதான். ஒரு வருஷம் போயிற்று.

எனக்குப் பத்து நாட்டைத் தொட்டுத் தொட்டுப் படிக்க வராது. அதனால் இரண்டாவது தடவை ஒரே நாட்டை எடுத்துக்கொண்டேன்: பூட்டான். நல்ல ஆட்சியாளர் என்று வாதாட அதைவிடப் பலமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. நான்காவது மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் 1972இல் அரியணை ஏறினார். பணத்தைவிட மக்களின் மகிழ்ச்சியே நாட்டின் அளவுகோல் என்றார். 1998இல் அன்றாட நிர்வாகத்தை அமைச்சரவையிடம் விட்டார். 2005இல் அரசியலமைப்பு வரைவை ஊர் ஊராக எடுத்துப் போனபோது, "எங்களுக்கு மன்னரே போதும்" என்று மக்கள் கெஞ்சினார்கள். அவர் கேட்கவில்லை. 2006இல் முடியை மகனிடம் கொடுத்தார். 2008இல் தேர்தல் வந்தது. மன்னருக்கு 65 வயதில் ஓய்வு என்று அந்த அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் பழைய தப்பையே திரும்பச் செய்திருப்பேன்.

அதே மன்னரின் காலத்தில் 1985இல் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. 1988இல் தென்பகுதியில் கணக்கெடுப்பு. அங்கே வாழ்ந்த நேபாளி பேசும் லோட்சாம்பா மக்களிடம், 1958இல் இந்த நாட்டில் இருந்ததற்குச் சான்று காட்டு என்றார்கள். சான்று என்றால் அந்த வருஷத்து நிலவரி ரசீது. 1989இல் பள்ளியில் நேபாளி பாடம் நின்றது. பூட்டானின் வடபகுதி மக்களின் உடை எல்லோருக்கும் கட்டாயமானது. எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது அடக்குமுறை. கடைசியில் கிழக்கு நேபாளத்து முகாம்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல்.

இதைப் படித்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு இந்த விஷயத்தில் தீர்மானமான கருத்து உண்டு. "ஒரு அஞ்சு வருஷம் நல்ல சர்வாதிகாரி கையில கொடுத்தா நாடு சரியாயிடும்" என்பார். நான் வாதம் பண்ணவில்லை. "அப்பா, நம்ம வீட்டுல 1958ஆம் வருஷத்துத் தீர்வை ரசீது இருக்குமா?" என்று மட்டும் கேட்டேன். பரண் மேலிருந்து தகரப் பெட்டியை இறக்கினோம். பூச்சி அரித்த பத்திரங்கள், தாத்தாவின் கூட்டுறவுச் சங்கப் புத்தகம், கம்பியில் குத்தி வைத்த ரசீதுக் கட்டு. மேல் ரசீதுகள் எல்லாம் துளையைச் சுற்றித் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ஆகப் பழையது 1963. நாலு தலைமுறையாக அதே நிலத்தில் உழுகிற குடும்பம். அப்பா அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இந்தத் தடவை கேள்வியைக் கேட்டவர் ஒரு மேடம். என் பதில் இவ்வளவுதான்: "ஏற்க மாட்டேன், மேடம். முடியைத் தானே இறக்கி வைத்த மன்னரும், லட்சம் பேர் வெளியேறியபோது அரியணையில் இருந்த மன்னரும் ஒருவரேதான். அவர் நல்லவரா என்று விவாதிக்கத் தேவையில்லை. ரசீது இல்லாதவன் அவரை எதிர்த்து எந்த வாசலில் போய் நிற்பான் என்பதுதான் என் கேள்வி." அவர் விடவில்லை. "வாசல் இருக்கிற நாட்டில் மட்டும் எல்லாம் சரியாக நடந்ததா?" என்றார். நம் நெருக்கடி நிலையைச் சொன்னேன். 1976இல் ஜபல்பூர் வழக்கில், விசாரணை இல்லாமல் அடைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியாது என்று உச்ச நீதிமன்றமே கதவைச் சாத்தியது, ஐவரில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மாறுபட்டார். 1977இல் மக்கள் ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றினார்கள். 1978இல் 44ஆவது திருத்தம் வந்தது. இனி நெருக்கடி நிலையிலும் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்புத் தரும் 21ஆவது பிரிவை நிறுத்தி வைக்க முடியாது. வாசல் அடைபட்டது, திரும்பத் திறந்தது என்றேன். தலையசைத்தார்.

மற்றவை, சுருக்கமாக:

- இன்டர்வியூவைத் தமிழில் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளர் பேசுகிற அரை நிமிஷம் யோசிக்கக் கிடைக்கும்.
- மாக், அதாவது பயிற்சி இன்டர்வியூ, இரண்டு போதும். எனக்கு நாலாவது மாக்கிலேயே பதில் மனப்பாடம் மாதிரி ஆகிவிட்டது.
- 'இரு பக்கமும் உண்டு' என்று நழுவாதீர்கள். ஒரு பக்கம் நில்லுங்கள்.
- எந்த ஆட்சியைப் பற்றிக் குறிப்பு எடுத்தாலும் முதல் பக்கத்தில் பாதிக்கப்பட்ட ஒருவரின் பெயர் இருக்கட்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ரிசல்ட் வந்த அன்று வீடு நிறையக் கூட்டம். எல்லோரும் போன பிறகு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்த பூட்டான்காரங்க எல்லாம் இப்ப எங்கப்பா இருக்காங்க?" என்று கேட்டார். பாதிக்கு மேல் அமெரிக்கா போய்விட்டார்கள், சில ஆயிரம் பேர் இன்னும் நேபாளத்து முகாமில்தான் இருக்கிறார்கள் என்று சொன்னேன்.