ஆடும் மாடும் மேயுது

இலங்கையின் ஹட்டனில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்கு நான் நடத்தும் சனிக்கிழமை ஆங்கில வகுப்பில், சென்ற வாரம் திருத்திய கொப்பிகளில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தது. 'மை ஃபாதர் அண்ட் மை மதர் ஆர் ஒர்க்கிங் இன் த எஸ்டேட்' என்று சரியாக எழுதிய பிள்ளையே, இரண்டு வரி தள்ளி, 'த கோட் அண்ட் த கவ் இஸ் கிரேசிங்' என்று எழுதியிருந்தாள். 'அண்ட்' இணைக்கும் இரண்டு பெயர்கள் பன்மை வினையைப் பெறும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மட்டும் அது ஏன் தவறிப்போயிற்று என்று யோசித்துக்கொண்டே தேநீரை ஆறவிட்டேன்.

காரணம் நம் பேச்சில் இருக்கிறது. 'அப்பாவும் அம்மாவும் வந்தாங்க' என்று சொல்லும் நாமே 'ஆடும் மாடும் மேயுது' என்கிறோம். எழுத்துத் தமிழில் உள்ள 'மேய்கின்றன' நம் பேச்சில் வழங்குவதில்லை. அஃறிணையில் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் அங்கே ஒரே வினைமுடிவுதான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் பேசுவதைத்தான் அவள் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். ஆகையால் இப்போதெல்லாம் வாக்கியத்தை முதலில் எழுத்துத் தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்கிறேன்: 'மேய்கின்றன' என்று முடிந்தால் 'ஆர்', 'மேய்கிறது' என்று முடிந்தால் 'இஸ்'.

'அலாங் வித்' இன்னொரு பெயரைச் சேர்த்தாலும் வினை முதற்பெயரையே பின்பற்றும்; இதை 'அண்ட்' விதிக்கு விதிவிலக்குப் போலக் கற்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 'கங்காணி ஆட்களுடன் வருகிறார்' என்னும்போது, 'உடன்' ஏற்ற ஆட்கள் எழுவாயிலிருந்து விலகிவிடுகிறார்கள், வினை கங்காணியை மட்டுமே பார்க்கிறது. 'த கங்காணி, அலாங் வித் த ஒர்க்கர்ஸ், இஸ் கமிங்' என்பதிலும் நடப்பது அதுவே. 'அஸ் வெல் அஸ்' வந்தாலும் 'உடன்' என்றே கொள்ளச் சொல்கிறேன்; பொருள் சற்றுப் பிசகினாலும் வினை பிசகாது.

'ஈதர்', 'ஓர்' வரும் இடத்தில் வினை தனக்கு அருகிலுள்ள பெயரைப் பின்பற்றும்: 'ஈதர் த டீச்சர் ஓர் த ஸ்டூடன்ட்ஸ் ஆர்', பெயர்களை இடம் மாற்றினால் 'இஸ்'. இதற்குக் கைகொடுக்கத் தமிழில் எனக்கு எதுவும் அகப்படவில்லை, மனப்பாடம்தான்.

இறுதியாக, இரண்டு பெயர்கள் சேர்ந்து ஒரே உணவைக் குறித்தால் 'பிரெட் அண்ட் பட்டர் இஸ்' என ஒருமை வரும் என்றேன். ரொட்டியும் சம்பலும் அப்படித்தானே என்றார்கள். ஒரே தட்டில் ஒன்றாகப் பிசைந்து உண்கிறவர்களிடம் மறுக்க முடியவில்லை. உடனே ஆட்டுக்காரப் பிள்ளை எழுந்து, "ரெண்டையும் ஒரே பட்டியில கட்டியிருந்தாலும் 'ஆர்' தானா, சேர்?" என்று கேட்டாள்.

'ஆர்' தான் என்றேன்.