தேக்கு டெக்க மேல நின்னு பாத்தா மட்டும் போதாது

போன மாசம் தம்பி மாதிரி பழகுற ஒரு நண்பரோட மலேசியாவுல இருக்குற லங்காவி போயிருந்தேன், ஒரு பழைய பாய்மரப் படகு பாக்க. வரி இல்லாத தீவுங்கறதால உலகம் சுத்துறவங்க நிறைய பேர் படக அங்கயே வித்துட்டு போயிருவாங்க. நாங்க பாத்த படகு 1980கள்ல தைவான்ல கட்டுனது, 38 அடி, டெக், அதாவது மேல்தளம், முழுக்க தேக்கு.

ஏறுன உடனே "அண்ணே, டெக் புதுசு மாதிரி இருக்கு பாருங்க"ன்னார். எனக்கு அதுலதான் சந்தேகமே. வெயில்லயும் உப்புத்தண்ணியிலயும் கிடந்த தேக்கு சாம்பல் பூத்துதான் இருக்கும். தேன் கலர்ல மின்னுதுன்னா சமீபத்துல யாரோ நல்லா இழைச்சிருக்காங்க, இழைக்க இழைக்க பலகை மெலிஞ்சுரும், ஸ்க்ரூ தலைய மூடுற சின்ன மர வட்டமெல்லாம் பிடிப்பு இல்லாம கழண்டு வந்துரும்.

ஆனா பெரிய பிரச்சனை தேக்கு இல்ல, அது லேசுல உளுக்காது. பலகைய கீழ இருக்குற ஃபைபர்கிளாஸ்ல ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருப்பாங்க, ஒரு படகுக்கே ஆயிரக்கணக்குல, அத்தனையும் ஓட்டை. பலகைக்கு நடுவுல சந்துல அடைச்சிருக்குற ரப்பர் மாதிரி கருப்பு பசை, கால்க்கிங்னு சொல்லுவாங்க, அது ஒரு ஓரம் விட்டுப்போனா தண்ணி அந்த ஸ்க்ரூ வழியாவே இறங்கி ஃபைபர்கிளாஸுக்கு நடுவுல இருக்குற பால்சாங்கற லேசான மரக்கட்டைக்கு போயிரும், போன தண்ணி வெளிய வராது. மேல பலகை ஜம்முன்னு இருக்கும், உள்ள டீல நனைச்ச ரஸ்க் மாதிரி ஆயிருக்கும்.

ரெண்டு வாளி தண்ணி ஊத்திட்டு குந்தி உக்காந்து காயுறத பாத்தோம். மத்த இடமெல்லாம் காஞ்சிருச்சு, பாய்மரத்துக்கு முன்னாடி ரெண்டு சந்து ஓரத்துல மட்டும் பென்சில்ல கோடு போட்ட மாதிரி ஈரம் நின்னுச்சு. கத்தி நுனிய வச்சு லேசா நெம்புனா கால்க்கிங் பலகைய விட்டு விலகுது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால தட்டிப் பாத்தேன், மத்த இடத்துல டக்குன்னு கேட்டது அங்க தொப்புன்னு கேட்டுச்சு. பலகை மட்டும் தூக்கியிருந்தாலும் சத்தம் மாறும், அதனால சத்தத்த மட்டும் நம்பி முடிவு பண்ணக்கூடாது, கீழ இறங்கி பாக்கணும்.

கேபின் கூரை புதுசா பெயிண்ட் அடிச்சிருந்துச்சு. புரோக்கர்கிட்ட கேட்டு ஒரு பேனல கழட்டுனோம், ஒரு ஸ்க்ரூ நுனியில டிகாஷன் மாதிரி பழுப்பா ஒரு சொட்டு தொங்கிட்டு இருந்துச்சு.

நண்பர் முகமே மாறிருச்சு. பாவம், ரெண்டு வருஷ சேமிப்பு. இனி தேக்க முழுசா எடுத்து, அழுகுன கட்டைய சுரண்டி, ஓட்டைய எல்லாம் அடைக்கணும், அந்த செலவ விலையில கழிச்சா மட்டும் பேசுங்கன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் படக சோதிச்சு சொல்ற சர்வேயரோட திரும்ப போறார், மழை பெஞ்ச மறுநாளா பாத்து வரச்சொல்லுங்கன்னு சொல்லியிருக்கேன்.