ஸ்பெயின் டிஜிட்டல் நோமாட் அனுமதி: விண்ணப்பம் எங்கே சிக்குகிறது?

ஸ்பெயினில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்க அனுமதி கேட்பவர்கள் சம்பளக் கணக்கைத்தான் பெரிதாகப் பயப்படுகிறார்கள். உண்மையில் விண்ணப்பம் சிக்குவது வேறு இரண்டு தாள்களில்: கம்பெனி தரும் கடிதம், சமூகப் பாதுகாப்புச் சான்றிதழ். இரண்டும் கைக்கு வராமல் விமான டிக்கெட் போடாதீர்கள்.

கணக்கை முதலில் முடித்துவிடலாம். 2022 டிசம்பரில் வந்த 28/2022 எண் ஸ்டார்ட்அப் சட்டத்தில் உருவான அனுமதி இது. ஸ்பெயினின் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். 2025-இல் அந்தச் சம்பளம் 1,184 யூரோ. இரண்டால் பெருக்கி 2,368 போதும் என்று நினைத்தால் தவறு. அங்கே வருடத்துக்கு 14 சம்பளம். அதை 12 மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால் 2025 கணக்கில் மாதம் 2,763 யூரோ வந்தது. கூட வரும் முதல் ஆளுக்கு 1,036, அடுத்த ஒவ்வொருவருக்கும் 345. கணவன், மனைவி, ஒரு குழந்தை என்றால் 4,144. சம்பளச் சீட்டில் உள்ள தொகையும் பேங்க் ஸ்டேட்மென்டில் விழுந்த தொகையும் ஒத்துப்போக வேண்டும்.

இனி கடிதம். "இவர் எங்கிருந்தும் வேலை செய்யலாம்" என்று ஹெச்.ஆர். எழுதித் தரும் இரண்டு வரி உதவாது. ஸ்பெயின் என்ற பெயர் அதில் இருக்க வேண்டும். இப்படி: "இன்ன தேதியிலிருந்து எங்களிடம் இன்ன பதவியில் இருக்கும் இவர், ஸ்பெயினிலிருந்து தொலைவழியாக வேலை செய்ய அனுமதிக்கிறோம்; ஆண்டுச் சம்பளம் இவ்வளவு; ஒப்பந்தக் காலம் இவ்வளவு." அந்த வேலையில் குறைந்தது மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். கம்பெனியும் ஒரு வருடமாவது நடந்துகொண்டிருக்க வேண்டும். அதற்குக் கம்பெனிப் பதிவுச் சான்றிதழ். உங்கள் பக்கத்தில் பட்டம் அல்லது மூன்று வருட அனுபவம்.

எல்லாவற்றையும் விடக் கடினம் சமூகப் பாதுகாப்புதான். கம்பெனி இருக்கும் நாட்டுக்கும் ஸ்பெயினுக்கும் ஒப்பந்தம் இருந்தால், அந்த நாட்டின் காப்பீட்டிலேயே தொடர்கிறீர்கள் என்ற சான்றிதழை அந்நாட்டு அலுவலகம்தான் தர வேண்டும். கம்பெனியே வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியருக்காக உருவான தாள் அது. சொந்த விருப்பத்தில் போகிறவருக்குத் தரச் சில நாடுகள் மறுக்கின்றன. கிடைக்காவிட்டால் கம்பெனியே ஸ்பெயின் சமூகப் பாதுகாப்பில் பதிவு செய்து சந்தா கட்ட வேண்டும். பல கம்பெனிகள் இங்கேதான் பின்வாங்கும். அப்போது ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தத்துக்கு மாறி, ஸ்பெயினில் 'அவுட்டோனமோ' என்ற சுயதொழிலாளராகப் பதிவு செய்வதாக உறுதிமொழி தருவது ஒரு வழி. ஆனால் புது ஒப்பந்தத்துக்கு அந்த மூன்று மாதத்தைத் திரும்ப முதலிலிருந்து எண்ண நேரலாம். ஃப்ரீலான்ஸ் ஆட்கள் ஸ்பெயின் வாடிக்கையாளர்களுக்கும் வேலை செய்யலாம், மொத்த வேலையில் 20 சதவீதம் வரை.

கடந்த இரண்டு வருடம் வசித்த நாடுகளின் போலீஸ் சான்றிதழ் வேண்டும். கடந்த ஐந்து வருடத்தில் குற்றப் பதிவு இல்லை என்ற உறுதிமொழி தனியாக. முதலில் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று அதைத் தந்த நாடு போடும் முத்திரை), அதற்குப் பிறகுதான் அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர். வரிசையை மாற்றினால் அப்போஸ்டில் முத்திரை மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும், இரண்டாவது முறை காசு கொடுக்க வேண்டி வரும்.

தூதரகத்தில் போட்டால் கிடைப்பது அதிகபட்சம் ஒரு வருட விசா. ஸ்பெயினுக்குள் சட்டப்படி தங்கியிருக்கும்போதே போட்டால் மூன்று வருடம் வரை அனுமதி. எனக்கு இரண்டாவது வழிதான் மேல். விண்ணப்பம், இந்த அனுமதிகளைக் கவனிக்கும் யு.ஜி.இ. என்ற ஸ்பெயின் அரசுப் பிரிவுக்கு ஆன்லைனில் போகும். டிஜிட்டல் கையொப்பம் தேவை. அது இல்லாதவர்கள் வக்கீல் மூலம் போடுவார்கள். முடிவுக்கு 20 வேலை நாள்; அதற்குள் பதில் வராவிட்டால் சட்டப்படி அனுமதித்ததாகவே கணக்கு. கூடுதல் ஆவணம் கேட்டு 'ரெக்கெரிமியென்டோ' வந்தால் அந்த 20 நாள் கணக்கு நின்றுவிடும், பதில் தர உங்களுக்கு 10 வேலை நாள்தான். புது அப்போஸ்டில் வாங்க அது போதாது. சந்தேகமான தாளை முன்பே இரண்டாவது பிரதி வாங்கி வையுங்கள்.

அனுமதி வந்ததும் ஒரு மாதத்துக்குள் கைரேகை கொடுத்து, வெளிநாட்டவருக்கான அடையாள அட்டையான டி.ஐ.இ.-க்கு விண்ணப்பிக்க வேண்டும். இ.எக்ஸ்.-17 படிவம், 790-012 கட்டண ரசீது, பாஸ்போர்ட், அனுமதிக் கடிதம், போட்டோ. பெரிய நகரங்களில் முன்பதிவு கிடைப்பது கஷ்டம். காலையில் சீக்கிரமே தளத்தைப் பாருங்கள், பக்கத்து ஊர் போலீஸ் அலுவலகத்தையும் தேடுங்கள்.

வருடத்தில் 183 நாளைத் தாண்டினால் ஸ்பெயினில் வரி கட்டுபவர் ஆகிவிடுவீர்கள். சம்பள ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், அதற்கு முந்தைய ஐந்து வருடம் அங்கே வரி வசிப்பாளராக இல்லாதிருந்தால், சிறப்பு வரி முறை கேட்கலாம்: 6,00,000 யூரோ வரை 24 சதவீதம். அதைக் கேட்கும் மாடல் 149 படிவத்தை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஆறு மாதம் டி.ஐ.இ. அட்டை கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. சமூகப் பாதுகாப்பில் பதிவான தேதியிலிருந்தோ, பழைய நாட்டின் காப்பீட்டில் தொடர்பவர்களுக்கு அந்தச் சான்றிதழில் உள்ள தொடக்கத் தேதியிலிருந்தோ ஓடத் தொடங்கிவிடும்.