முதிரைப் பெட்டியும் சங்குத் தூளும்

யூலை 6
தங்கச்சியின் கலியாணத்துக்கு முதிரையில் ஒரு நகைப்பெட்டி செய்கிறேன். மூடியில் கொடி ஒன்று வரைந்து, 2 மில்லிமீற்றர் ஆழத்துக்கு உளியால் தோண்டியாயிற்று. அதற்குள் வெள்ளைக் கல்லை நொறுக்கிப் பதிக்க வேண்டும். காணிக்குள் வெங்கச்சங்கல்லுக்கு (குவார்ட்ஸ்) பஞ்சமில்லை.

யூலை 7
வீட்டில் அம்மியைக் கேட்டேன். "சம்பல் அரைக்கிற அம்மியில கல்லு அரைக்கப் போறியோ?" சரி, விட்டேன். இரும்புக் குழாய்த் துண்டொன்றின் அடியில் மூடி ஒன்றைத் திருகி, உள்ளே கல்லைப் போட்டுத் தடித்த கம்பியால் இடித்தேன். தெறிக்கவில்லை, ஆனால் கை விட்டுப்போயிற்று.

யூலை 9
வேலிக்கு அப்பால் இருக்கும் ஓடாவியார் வந்து பார்த்துவிட்டு நல்ல ஏச்சு. வெங்கச்சங்கல் தூள் நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராதாம். உண்மைதான், அது சிலிக்கா, நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். முகத்தில் கட்டியிருந்த சாறத் துண்டு எதற்கும் காணாது.

அதோடு இன்னொரு பிழை. கழிவுப் பலகையில் பதித்துத் தேய்த்தால் கல் அப்படியே நிற்க, சுற்றி இருந்த மரம் மட்டும் பள்ளமாகிவிட்டது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அந்தக் கல்லின் கடினம் 7. முதிரை எவ்வளவு வைரமென்றாலும் அதனோடு போட்டியிட முடியுமா?

யூலை 12
வீட்டில் உடைந்த சங்கு ஒன்று கிடந்தது. கடினம் 4க்கும் குறைவு, இரண்டு இடியில் நொறுங்கியது. இந்த முறை மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்துத்தான் இடித்தேன். காய வைத்துத் தேத்தண்ணி வடியில் சலித்து, பருமனை முதலில் நிரப்பி, மாவை மேலே தூவி இடைவெளிகளை அடைத்தேன். பூவுக்குச் செங்கல் தூள். அது மர நாரில் இறங்கிச் சிவப்பாகப் படர்ந்தது. முதலே அரக்கு வார்னிஷ் ஒரு கை பூசியிருக்க வேண்டும். சுரண்டி எடுக்க ஒரு பின்னேரம் போயிற்று.

யூலை 14
தண்ணிப் பதமான சுப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வழிந்ததைப் பருத்தித் துணியால் துடைக்கப் போய், துணி சூடேறிப் புகைந்து விரலைச் சுட்டது! இனி பொலித்தீன்தான்.

யூலை 16
தட்டையான கட்டையில் அரத்தாளைச் சுற்றி 120ஆம் நம்பர்த் தாளில் தொடங்கி, நைசான 400 வரை தேய்த்தேன். முதிரைத் தூசு பட்டு முழங்கை வரை கடி. ஓர் இலையில் ஊசித் துளை தெரிந்தது, திரும்ப நிரப்பினேன். மஞ்சள் மரத்தில் வெள்ளைக் கொடி மினுங்குகிறது.

தங்கச்சி தடவிப் பார்த்தாள். "அண்ணா, இது பல்லு மாதிரி இருக்கு."