போர்ட் வேலை செய்த ஆர்எக்ஸ் 100: ஜெட் நம்பருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

"சேம்பர் போட்டாச்சு, 28 கார்ப் போட்டாச்சு, மெயின் ஜெட் என்ன நம்பர்?" யமஹாவின் டூ-ஸ்ட்ரோக் பைக்கான ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் கூடும் இடமெல்லாம் இந்தக் கேள்விதான். சேம்பர் என்பது நடுவில் பருத்த எக்ஸாஸ்ட் குழாய், 28 கார்ப் என்பது 28 மிமீ வாயுள்ள கார்புரேட்டர், ஜெட் என்பது அதற்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு திருகு. ஒரே நம்பரைப் பதிலாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். ஒரே லேத்தில் ஹெட் இறக்கி (கம்ப்ரெஷன் கூட அதன் அடியைச் சீவி), ஒரே ஆள் போர்ட் (சிலிண்டரில் கலவையும் புகையும் போய்வரும் வாய்கள்) ஃபைல் செய்த இரண்டு எஞ்சின்கள்கூட ஒரே ஜெட்டைக் கேட்பதில்லை. போதாததற்கு மிக்குனி கம்பெனி கார்ப்பின் மெயின் ஜெட்டில் உள்ள எண் எரிபொருள் பாயும் அளவைக் குறிப்பது. கெய்ஹின் கம்பெனி ஜெட்டில் உள்ளது துளையின் விட்டம், 120 என்றால் 1.20 மிமீ. ஒன்றில் கேட்ட நம்பரை இன்னொன்றில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

98 சிசி, 50 மிமீ போர் (சிலிண்டர் விட்டம்), 50 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வு. கம்பெனி கொடுத்தபடி 11 குதிரைத்திறன். இந்தச் சின்ன எஞ்சினில் எதை மாற்றினாலும் அது முதலில் தெரிவது கார்புரேட்டரில்தான். ஆனால் கார்ப்பைத் திறக்கும் முன் எஞ்சின் வேறு வழியில் ஏர் இழுக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பாதிப் பேர் இதைச் செய்யாமல் ஜெட் வாங்கிக் குவிக்கிறார்கள்.

ஏர் டெஸ்ட்டுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய பிபி மீட்டர் ஒன்று போதும். சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் கட்டையும் பிளேட்டும் வைத்து அடையுங்கள். கார்ப்பைக் கழற்றி இன்டேக் ரப்பரில் ஒரு அடைப்பான் சொருகி, அதன் நடுவே பிபி மீட்டர் குழாயை விட்டு கிளிப்பை இறுக்குங்கள். பிளக் மாட்டியே இருக்கட்டும், பிஸ்டன் கீழே இருக்கட்டும். 300 மிமீ வரை ஏற்றுங்கள், அது ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. ஆறு நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வாருங்கள்: இன்டேக் ரப்பரின் விரிசல், ரீட் பேக்கிங், சிலிண்டர் அடி பேக்கிங், ஹெட், கடைசியாக மேக்னெட்டை (இடப்பக்கம் சுழலும் காந்தச் சக்கரம்) கழற்றி, கிராங்கின் இடது ஆயில் சீல். வலது சீல் கிளட்ச் பக்கம் மறைந்திருக்கும். அதற்கு கியர்பாக்ஸ் பிரீதர் ட்யூபைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் வலது சீல் போய்விட்டது. ஓடும்போது அதே வழியாக கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு, ஆயில் குறைந்துகொண்டே வரும், வெள்ளைப் புகை நிற்காது. இடது சீல் போனால் புகை இருக்காது, வெறும் காற்று இழுத்து லீன் ஆகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாது. பிஸ்டனைத் தின்பது இதுதான்.

அடுத்தது ஸ்லைடு, கைப்பிடியை முறுக்கினால் கார்ப்புக்குள் மேலேறிக் காற்று வழியைத் திறக்கும் பாகம். 20 மிமீ கார்ப்புக்கு இருந்த ஆக்சிலரேட்டர் கைப்பிடி 28 மிமீ ஸ்லைடை முழுக்கத் தூக்குமா? பல வண்டிகளில் தூக்குவதில்லை. ஃபில்டரைக் கழற்றி, முழுக்க முறுக்கி, கார்ப் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்லைடின் அடி ஓரம் கொஞ்சமேனும் தொங்கினால் நீங்கள் "ஃபுல்" என்று நினைப்பது முக்கால்தான், மெயின் ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்த்தாலும் சரியான பதில் கிடைக்காது. எஞ்சினுக்கு ஆயில் தரும் பம்பின் கேபிளும் இதே கைப்பிடியில்தான் பிரிகிறது. கார்ப் மாற்றினால் பம்ப் கப்பியின் குறியையும் திரும்ப சரிசெய்ய வேண்டும்.

இனி ட்யூனிங். கார்ப்புக்கு வேகமும் தெரியாது, கியரும் தெரியாது. ஸ்லைடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் எந்தப் பாகம் பெட்ரோல் தருவது என்பது முடிவாகிறது. எனவே "அறுபதுல அடைக்குது" என்ற புகாரால் பயனில்லை. கைப்பிடியில் பேப்பர் டேப் ஒட்டி மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று கோடு போட்டுக்கொண்டு, எந்தக் கோட்டில் அடைக்கிறது என்று பாருங்கள். எட்டில் ஒரு பங்கு வரை ஐடிலுக்கான பைலட் ஜெட்டும், அதன் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்குரூவும். அதிலிருந்து கால் வரை ஸ்லைடின் அடியில் உள்ள வெட்டு. கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், ஆனாலும் தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

தொடங்குவது மெயினில். வேண்டுமென்றே பெரியதாகப் போடுங்கள். எஞ்சின் சூடான பின், ஆளில்லாத நேரான சாலையிலோ டிராக்கிலோ மூன்றாவது கியரில் முழுக்கத் திறந்தால் மேல் ஆர்பிஎம்மில் விட்டுவிட்டு "பர்ர்" என்று அடைத்துக்கொண்டு ஏறாமல் நிற்க வேண்டும். அது ரிச், அதாவது பெட்ரோல் கூடுதல். ஒவ்வொரு சைஸாகக் குறைத்து, அடைப்பு விலகி சுத்தமாக இழுக்கும் ஜெட்டைக் கண்டுபிடியுங்கள். ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு அதிலிருந்து ஒரு சைஸ் மேலே போட்டு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். ரிச் ஆனால் பிளக் கருக்கும், அவ்வளவுதான். லீன் ஆனால் பிஸ்டன் ஜாம்.

லீனைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. முழுக்கத் திறந்து ஓடும்போது கைப்பிடியை ஒரு துளி மூடுங்கள். வண்டி மேலும் இழுத்தால் மெயின் சின்னது. தகர டப்பாவில் கல் குலுக்கினாற்போல் ஹெட்டிலிருந்து சத்தம் வந்தால், அல்லது முழுக்கத் திறந்திருக்கும்போதே ஆர்பிஎம் தானாக இறங்கினால், உடனே கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரை விடுங்கள். ஜெட் சரியாக இருந்தும் சத்தம் நிற்கவில்லையென்றால் ஹெட்டை அளவுக்கு மேல் இறக்கியிருக்கிறார்கள், அல்லது பிளக் பொறிவிடும் டைமிங் முந்தியிருக்கிறது. அதைப் பெட்ரோல் ஊற்றிச் சரிக்கட்ட முடியாது.

பிளக்கைப் பார்த்துக் கலவையை அறியப் புது பிளக் வேண்டும். முழுத் திறப்பில் ஓட்டி, சாவியை அணைத்து அதே நொடியில் கிளட்சைப் பிடித்து, உருட்டி நிறுத்திக் கழற்றுங்கள். ஐடிலில் வீடு வந்து பார்க்கும் பிளக் பைலட் ஜெட்டின் கதையைத்தான் சொல்லும். நுனியின் நிறத்தைப் பார்க்காதீர்கள், பீங்கான் உள்ளே போய்ச் சேரும் அடிப்பகுதியில் மெல்லிய கரும்பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பட்டையே இல்லாமல் வெள்ளையாக இருந்தால் ஆபத்து.

நீடிலின் மேல் பகுதியில் உள்ள காடிகளில் மாட்டும் கிளிப் எளிது: கீழ்க் காடிக்கு இறக்கினால் நீடில் மேலே வரும், ரிச் ஆகும். பழைய கார்ப்பில் நீடில் உரசி உரசி, அது நுழையும் நீடில் ஜெட் முட்டை வடிவாகத் தேய்ந்திருக்கும். கிளிப்பை மேல் காடிக்கு ஏற்றிய பிறகும் அரைத் திறப்பில் அடைக்கிறதென்றால் இதுதான் காரணம். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சேம்பர் போட்ட எஞ்சினில் ஒரு குழப்பம் வரும். பவர்பேண்டுக்கு (எஞ்சின் நன்றாக இழுக்கும் ஆர்பிஎம் எல்லை) சற்று முன்னால் சேம்பரின் அலை கலவையைத் திரும்பத் தள்ளும். அந்த இடத்தில் அடைப்பது இயல்பு. அதைப் போக்க ஜெட்டைக் குறைத்தால் பவர்பேண்டுக்குள் லீன் ஆகிவிடும். அங்கே ஒரு கியர் இறக்கி ஓட்டுவதே வழி.

கடைசியில் பைலட். ஏர் ஸ்குரூவை மென்மையாக முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்து, ஐடில் அதிகமாகும் இடத்தைத் தேடுங்கள். ஒரு சுற்றுக்குள் அந்த இடம் வந்தால் பைலட் சின்னது, இரண்டரையைத் தாண்டினால் பெரியது. மிக்குனி பைலட் 2.5 படிகளில் கிடைக்கும். ரேஸ் செய்து விட்டதும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்கினால் ஸ்குரூவை மூடிப் பாருங்கள். அப்போதும் தொங்கினால் மீண்டும் பிபி மீட்டரை எடுக்க வேண்டியதுதான்.

பழைய ஜெட் கணக்குகளை இப்போது அப்படியே எடுக்க முடியாததற்கு இன்னொரு காரணம் பெட்ரோல். 20% எத்தனால் கலந்ததற்கு அதே காற்றுக்கு ஏறத்தாழ 8% கூடுதல் எரிபொருள் வேண்டும். மெயினில் ஒன்றிரண்டு சைஸ் அதிலேயே போய்விடும். ஆயில் பம்பை அடைத்துவிட்டு டேங்கில் ஆயில் கலப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 5 லிட்டருக்கு 125 மில்லி ஊற்றிய இடத்தில் 250 ஊற்றினால் ஜெட் வழியே போவதில் பெட்ரோலின் பங்கு குறைகிறது, கலவை லீன் ஆகிறது. ஆயில் கூட்டினால் ஜெட்டையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஊட்டிக்குப் போனால் காற்று மெலிந்து வண்டி ரிச்சாக அடைக்கும். அங்கே ஜெட்டைக் குறைத்தவர்கள் கீழே இறங்கும் முன் பழைய ஜெட்டை மாட்டிவிட வேண்டும். டேங்கில் ஆயில் கலந்த வண்டியில் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடியே எஞ்சின் பிரேக்கில் வந்தால் ஆயிலும் போகாது. இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து ஒரு ரேஸ் கொடுங்கள்.