பாட்டி சொன்னார், பை எடுத்துக்கொள்

1983-ல் மருத்துவம் படிக்க மாஸ்கோ போனேன். மறு வருஷம் மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை, சோவியத் நாட்டுப் பாராளுமன்றமான சுப்ரீம் சோவியத்துக்குத் தேர்தல். விடுதி வாசலில் சாவி வாங்கி வைக்கும் பாட்டி முதல் நாளே, "காலையில் என்கூட வா மகனே, ஒரு பை எடுத்துக்கொள்" என்றார். ஓட்டுப் போட எதற்குப் பை என்று கேட்கும் அளவுக்கு எனக்கு அப்போது ரஷ்யன் வராது.

பக்கத்துப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. ஒலிபெருக்கியில் பாட்டு, வாசலெல்லாம் சிவப்புத் துணி, கோயில் திருவிழா மாதிரி. பாட்டி பாஸ்போர்ட்டைக் காட்டினார், பட்டியலில் ஒரு குறி போட்டு இரண்டு சீட்டு கொடுத்தார்கள். இரண்டு அவைக்கும் ஒவ்வொன்று, ஒவ்வொரு சீட்டிலும் ஒரே ஒரு பெயர். சம்மதம் என்றால் அப்படியே மடித்துப் பெட்டியில் போட வேண்டியதுதான்; வேண்டாம் என்றால்தான் பெயரை அடிக்க வேண்டும். அதற்கென்று ஓரமாகத் திரை போட்டு, உள்ளே மேசையும் வைத்திருந்தார்கள். போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மடித்துப் போடுகிறவருக்கு அங்கே என்ன வேலை? உள்ளே போனாலே விஷயம் தெரிந்துவிடும். நாங்கள் இருந்தவரை ஒருத்தரும் அந்தப் பக்கம் போகவில்லை. பாட்டி சீட்டைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

மொத்தம் இரண்டு நிமிஷம். அப்புறம்தான் நிஜமான வரிசை, சாவடியிலேயே தின்பண்டம் விற்ற பஃபேக்கு! கடையில் கண்ணில் படாத ஆரஞ்சும் நல்ல சாசேஜும் அன்று அங்கே இருந்தன, முக்கால் மணி நேரம் நின்று பையை நிரப்பினோம்.

வராதவர்கள் வீட்டுக் கதவைப் பிரசாரகர்கள் வந்து தட்டுவார்கள், படுக்கையில் கிடப்பவருக்குப் பெட்டியே வீட்டுக்குப் போகும். வாக்குப்பதிவு 99.99 சதவீதம் என்று அறிவித்தார்கள். மிச்சம் 0.01 யாராக இருக்கும் என்று விடுதியில் பந்தயமே கட்டினோம்.

1989 மார்ச் 26, அதே பள்ளிக்கூடம், அதே பாட்டி. இந்தத் தடவை மாஸ்கோ தொகுதியில், பின்னால் ரஷ்யாவின் அதிபரான எல்ட்சின் ஒரு பக்கம், ஜில் கார்த் தொழிற்சாலை இயக்குநர் பிராகோவ் இன்னொரு பக்கம். இருவரும் கட்சிக்காரர்கள்தான், ஆனாலும் ஒரு பெயரை அடித்தே ஆக வேண்டும். திரைக்கு முன்னால் வரிசை நின்றது. பாட்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனவர் வெளியே வர ரொம்ப நேரம் ஆனது. யார் பெயரை அடித்தீர்கள் என்று கேட்டேன்.

"உனக்கெதற்கு அது?" என்று சொல்லிவிட்டுப் பையை என்னிடம் நீட்டினார்.