பருவுக்கான கூட்டு ஜெல்: மூன்று மாதம் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்

முகப்பருவுக்கு வைத்தியர் எழுதித்தரும் கூட்டு ஜெல்லைப் பூசத் தொடங்குகிறவர்களில் பலர் மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். மட்டக்களப்பில் நான் படிப்பிக்கும் களுவாஞ்சிகுடிப் பக்கத்திலும், குடியிருக்கும் கல்லடியிலும் இதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். "முகம் எரியுது, தோல் உரியுது, பருவும் கூடின மாதிரிக் கிடக்கு" என்பதுதான் ஏறக்குறைய எல்லோரும் சொல்லும் காரணம். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தத் தொல்லைகள் பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்கே உரியவை. பலன் தெரிவதற்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் செல்லும். இந்த இடைவெளியைப் பற்றி யாரும் முன்கூட்டியே விளங்கப்படுத்தாததால்தான் நல்ல மருந்தொன்று பாதியில் குப்பைக்குப் போகிறது என்பது என் எண்ணம்.

எனக்கு எழுதித்தரப்பட்டது அடபலீன் 0.1 சதவீதமும் பென்சோயில் பெரொக்சைட் 2.5 சதவீதமும் சேர்ந்த ஜெல். அடபலீன் விற்றமின் ஏ வழிவந்த ரெட்டினொயிட் வகையைச் சேர்ந்தது. மயிர்த்துவாரத்தின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்வதை அது தடுக்கிறது, அழற்சியையும் தணிக்கிறது. பென்சோயில் பெரொக்சைட் அந்த அடைப்புக்குள் பெருகும் பக்றீரியாவை ஒட்சியேற்றிக் கொல்கிறது. அடைப்பு, எண்ணெய்ச் சுரப்பு, பக்றீரியா, அழற்சி என்ற நான்கும் சேர்ந்தே பரு உண்டாவதால், ஒரே மருந்து எல்லாவற்றையும் சமாளிப்பது கடினம். பழைய ரெட்டினொயிட்டான ட்ரெட்டினொயினைப் பென்சோயில் பெரொக்சைட்டுடன் சேர்த்தால் அது சிதைந்துவிடும் என்பதால், ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் பூசச் சொல்வது வழக்கமாக இருந்தது. அடபலீன் அவ்வாறு சிதைவதில்லை. ஆகவே இரண்டையும் ஒரே டியூப்பில் அடைக்க முடிந்தது. 2008இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. 2023இல் இவற்றோடு பக்றீரியாவுக்கு எதிரான அன்ரிபயோட்டிக்கான கிளிண்டாமைசினையும் சேர்த்த மூன்று மருந்து ஜெல் ஒன்றும் அங்கே அனுமதிக்கப்பட்டது.

ஏன் இத்தனை வாரங்கள்? இன்று கன்னத்தில் சிவந்து நிற்கும் பருவுக்கான அடைப்பு, கண்ணுக்கே தெரியாத அளவில் பல வாரங்களுக்கு முன்பே உள்ளே தொடங்கிவிட்டது. ஜெல் முக்கியமாகச் செய்வது இனி வரப்போகும் அடைப்புகளைத் தடுப்பது. ஏற்கெனவே உள்ளே உருவானவை எப்படியும் ஒவ்வொன்றாக வெளியே வரத்தான் செய்யும். இதை விளங்கிக்கொண்டால், இரண்டாவது கிழமையில் நாடியில் புதிதாக நாலு பரு கிளம்பும்போது மனம் உடையாது. இதே காரணத்தால் ஜெல்லைப் பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பதில் பயனில்லை. பரு வரும் பகுதி முழுவதற்கும் பூச வேண்டும்.

பூசும் அளவுதான் பெரும்பாலானோருக்குப் பிழைக்கும் இடம். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். இரவில் மென்மையான சவர்க்காரத்தால் முகத்தைக் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் முற்றாகக் காய்ந்த பிறகு, அந்தப் பட்டாணியை நெற்றி, இரு கன்னம், மூக்கு, நாடி என்று ஐந்து இடங்களில் தொட்டு வைத்து மெல்லிதாகப் பரப்புவேன். முகத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். கண்ணோரம், உதட்டோரம், மூக்குத் துவாரத்தின் மடிப்பு ஆகிய மூன்றையும் விட்டுவிட வேண்டும். தோல் முதலில் உரியும் இடங்கள் அவைதான். மூக்கின் பக்கத்து மடிப்பில் மெல்லிய வெண் செதிள்கள் எழுந்து, குளிக்கும்போது தண்ணீர் பட்டாலே காந்தும். எரிவு அதிகமானால் ஒன்றுவிட்டொரு நாள் பூசலாம், ஜெல்லுக்கு முன்போ பின்போ எண்ணெய்ப்பசையற்ற மொயிஸ்சரைசர் போடலாம். முகம் வீங்கினாலோ தடிப்புப் பரவினாலோ அது வேறு விடயம். உடனே நிறுத்தி வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு பருவக் கணக்கும் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் சூடான வறண்ட காற்று சாதாரண உதட்டையே வெடிக்க வைக்கும். அந்தக் காலத்தில் ஜெல்லைத் தொடங்குகிறவர்கள் முதலில் இடைவெளி விட்டுப் பூசுவதே நல்லது. மாரியில் அதே ஜெல் அவ்வளவு தொந்தரவு தருவதில்லை. வெயிலுக்கு எஸ்பிஎவ் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் எல்லாக் காலத்திலும் தேவை. தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் நெற்றிக்கு வழிந்து மயிர்த்துவாரங்களை அடைப்பதையும் பாடசாலைப் பிள்ளைகளிடம் நிறையப் பார்க்கிறேன். "இறாலும் நண்டும் சூடு, அதை நிப்பாட்டு" என்று சொல்லும் அம்மம்மாமார், எண்ணெய் வைக்கும் விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

பென்சோயில் பெரொக்சைட் நிறத்தை வெளுக்கச் செய்யும். காத்தான்குடியிலிருந்து வரும் என் சக ஆசிரியை ஒருவரின் கறுப்புப் பர்தா, நாடி படும் விளிம்பில் மட்டும் செம்மஞ்சளாக மாறியிருந்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் காரணம் சொன்னேன். தலையணை உறையும் துவாயும் வெள்ளையாக இருந்தால் கவலையில்லை. பூசியதும் கையைக் கழுவிவிட வேண்டும். புருவத்திலும் தலைமயிரிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஜெல்லின் பெட்டியில் 25 பாகை செல்சியஸுக்கு மேற்படாமல் வைக்கும்படி அச்சிட்டிருக்கும். எங்கள் பகல் வெப்பம் சர்வசாதாரணமாக 30 பாகையைத் தாண்டும். பென்சோயில் பெரொக்சைட் சூடேறும்போது சிதைந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் உருவாகலாம் என்ற கவலை 2024இல் எழுந்தது. மறு வருடம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (FDA) பென்சோயில் பெரொக்சைட் உள்ள 95 பொருட்களைச் சோதித்து, மிகச் சிலவற்றை மட்டுமே சந்தையிலிருந்து மீளப்பெறச் செய்தது. பயந்து மருந்தை விடவேண்டியதில்லை, ஆனால் ஸ்கூட்டியின் இருக்கைக்குள்ளோ வெயில் படும் யன்னலோரத்திலோ டியூப்பை வைக்கக்கூடாது.

பாமசியில் வைத்தியர் எழுதித்தரும் மருந்துத் துண்டு இல்லாமல் கேட்டு வாங்கும் பழக்கம்தான் எனக்கு உண்மையான கவலை. கிளிண்டாமைசினை மட்டும் மாதக்கணக்கில் பூசினால் பக்றீரியா அதற்குப் பழகி எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும். பென்சோயில் பெரொக்சைட்டுடன் சேர்த்துப் பூசும்போது அந்த ஆபத்து குறையும். அதைவிட மோசமானது ஸ்டீரொயிட் கலந்த வெள்ளையாக்கும் கிறீம். ஆரம்பத்தில் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலிந்து, நிறுத்தியதும் பரு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். தேசிக்காய்ப் புளியையும் பற்பசையையும் தடவிப் புண்ணாக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, அந்தப் புண் ஆறும்வரை ஜெல்லைத் தொடவேண்டாம் என்பதே.

கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பம் தரிக்க எண்ணுபவர்களும் அடபலீன் கலந்த ஜெல்லைப் பாவிக்கக்கூடாது. இதை வைத்தியரிடம் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பரு ஆழமாக, கட்டியாக, தழும்பு விட்டுப் போகிற வகையாக இருந்தால் பன்னிரண்டு வாரமெல்லாம் காத்திருக்கத் தேவையில்லை. நேரே தோல் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். அவற்றுக்கு வாயால் எடுக்கும் மருந்துகள் தேவைப்படலாம். மற்றவர்கள் தொடங்கும் நாளைக் கலண்டரில் குறித்துவிட்டு, மூன்றாவது மாதம் அதே டியூப்பையும் துண்டையும் எடுத்துக்கொண்டு எழுதித்தந்த வைத்தியரிடமே போய்க் காட்டுங்கள். முகம் தெளிந்துவிட்டாலும் பூசுவதை எப்போது குறைப்பது என்பதை அவரிடமே கேளுங்கள்.